கண்ணோரத்தில் கால்வாசி

அரியலூரில் செத்துப்போனவர்களுக்குக்கூட நான் முகச்சுருக்கம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்காக எண்பத்துநான்கு வயதுப் பெரியவரின் போட்டோவைக் கொண்டுவருவார்கள். வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்ததாக இருக்கும். அதில் அவர் உயிரோடு இருந்தபோதே பாதி போனவர் மாதிரிதான் இருப்பார். "கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணுங்கக்கா" என்பார்கள். பண்ணுவேன். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பேனரைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, மூத்த மவனா போயிட்டான்?" என்று பதறியதும் நடந்திருக்கிறது.

என் பெயர் வேணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷம் ஆகிறது. காதுகுத்து, கல்யாணம், கட்சி, கருமாதி, எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரே வேலைதான்: கண்ணோரத்தில் மவுஸை வைத்துத் தேய்ப்பது. எங்கள் பக்கத்து வெயிலுக்கும் சுண்ணாம்புத் தூசிக்கும் முப்பது தாண்டினாலே கண்ணோரத்தில் கோடு விழுந்துவிடும். என் கடைக்குள் மட்டும் யாருக்கும் விழாது. அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அறிவுச்செல்வன் விஷயம் வரும்வரை.

அறிவு என் சித்தப்பா மகன். திருமானூர் பக்கத்தில் வீடு. நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷமாக டிப்பர் லாரி ஓட்டுகிறான். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு போய் சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு வருவதுதான் வேலை. வெள்ளைக் கல்லில் வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. கூலிங் கிளாஸ் போடலாம். போட்டால் மற்ற டிரைவர்கள், "ஹீரோ வந்துட்டாருடோய்" என்று ஓட்டுவார்கள். அந்தப் பயத்தில் பதினாறு வருஷமும் கண்ணை இடுக்கியே ஓட்டியவன் அவன். போதாததற்கு அவனுக்குச் சிரிப்பு வேறு அதிகம். எதற்கெடுத்தாலும் கண் மூடிக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பான். இரண்டும் சேர்ந்து, அந்தக் கண்ணோரத்தில் ஐந்து, இந்தக் கண்ணோரத்தில் ஐந்து என்று கோடு விழுந்துவிட்டது.

சித்தப்பா சீக்கிரமே போய்விட்டார். இரண்டு தங்கைகளையும் திருப்பூர் பக்கம் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அறிவுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் அவனுக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். பதினோரு இடம் பார்த்தார்கள். லாரி டிரைவரா என்று சிலர் இழுத்தார்கள். காடு கழனி எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சிலர் காணாமல் போனார்கள். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா பளிச்சென்று சொன்னாள்: "எங்களுக்கு மாப்ளதான் வேணும், சம்பந்தி வேணாம்." அதற்கும் அவன் சிரித்துவிட்டுத்தான் எழுந்து வந்தான். ஆனால் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான் என்று என் சித்தி கலியம்மாள் சொன்னாள்.

பன்னிரண்டாவது இடத்துக்குத் தரகர் செல்லமுத்து நேராக என் கடைக்கே வந்துவிட்டார். அறிவின் போட்டோவை மேஜைமேல் போட்டார்.

"வேணி, இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் ஒன்னும் பண்ண முடியாதும்மா. நீதான் பண்ணணும்."

பண்ணினேன். தம்பிக்கு என்பதால் பாசத்தோடு பண்ணினேன். கட்சிக்காரர்களுக்குப் பத்து நிமிஷம் உழைப்பேன், இவனுக்கு இரண்டு மணி நேரம் உழைத்தேன். கண்ணோரத்துப் பத்துக் கோடும் போனது. கண்ணுக்குக் கீழே இருந்த பை போனது. உற்சாகத்தில் நெற்றியில் கொஞ்சம் முடியையும் இறக்கிவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். யாரென்றுதான் தெரியவில்லை.

அந்தப் போட்டோ பெரம்பலூர் பக்கம் செட்டிகுளத்துக்குப் போனது. அங்கே அய்யம்பெருமாள் என்று ஒருவர், சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. அவருடைய மகள் பானுப்ரியாவுக்கு முப்பத்தேழு வயது, பெரம்பலூரில் ஆஸ்பத்திரி வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அதில் அறிவின் வயது நாற்பத்தொன்று என்று ஒளிவுமறைவில்லாமல்தான் இருந்தது. அய்யம்பெருமாள் போன் பண்ணி அதிசயப்பட்டார்.

"ஜாதகத்துல நாப்பத்தொன்னுன்னு இருக்கு, போட்டோவப் பாத்தா வயசே தெரியலயேங்க! நல்ல ஒடம்புவாகுங்க மாப்ளைக்கு. ஆடி பொறந்துடுச்சு, இப்ப வேணாம். ஆவணி மொத ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாங்க."

பெண்ணின் போட்டோவைக் கேட்டோம். பொம்பளைப் பிள்ளை போட்டோவைப் போனில் அனுப்புகிற பழக்கம் தங்களுக்கு இல்லை, நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை போட்டோ என்றால் ஊர் பூராவும் சுற்றலாம், அது வேறு நியாயம்.

சித்தி சந்தோஷத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் அறிவு மட்டும் தனியாகக் கடைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னாடா, கல்யாணக் களையே காணும்?"

"அக்கா, இவன் யாருக்கா?" என்று திரையைக் காட்டினான். "அவங்களுக்கு இவனத்தான் புடிச்சிருக்கு. என்னைய இல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு இருக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. "ஆடி முழுசும் கெடக்குல்ல? ஒரு மாசத்துல மூஞ்சிய போட்டோ மாதிரி ஆக்கிடலாம்டா" என்றேன். அவனும் நம்பிவிட்டான். பதினேழு வருஷமாக அக்கா பத்து நிமிஷத்தில் எடுக்கிற சுருக்கம், முப்பது நாளில் போகாதா என்ன?

முதல் வாரம் வீட்டு வைத்தியம். உருளைக்கிழங்கைத் துருவிக் கட்டினான், வெள்ளரிக்காயை வெட்டி ஒட்டினான். வெங்காயச் சாறு தடவினால் தோல் இறுகும் என்று சுரங்கத்தில் எவனோ சொன்னான். பெண் வீடு வெங்காயக்காரர்கள் வேறு, சகுனம் நன்றாக இருக்கிறதென்று கண்ணோரத்தில் தாராளமாகத் தடவிவிட்டான். அன்றைக்கு லாரி எடுக்க முடியவில்லை. சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பார்த்தவர்கள், இந்த இடமும் தட்டிப்போய்விட்டது போலிருக்கிறது என்று சித்திக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி டாக்டர்தான் என்று முடிவானது. ஆனால் அரியலூரில் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"எவனாவது பாத்துட்டா சொரங்கம் பூரா சிரிப்பானுவக்கா. பெரம்பலூர் போயிடுவோம். அங்க நம்மள எவனுக்குத் தெரியும்?"

அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரம்பலூரில் இறங்கியதும் துண்டை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். நகைக்கடை வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

தோல் டாக்டரின் கிளினிக்கில் மாஸ்க் போட்ட நர்ஸ் ஒருத்தி பெயர், வயது, ஊர் கேட்டு எழுதினாள். அறிவுச்செல்வன், நாற்பத்தொன்று, திருமானூர் என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் எழுதினாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. தொழில் புத்தி, என் பார்வை நேராக அங்கேதான் போனது. முப்பத்தைந்து தாண்டிய கண், ஓரத்தில் மூன்று கோடு. நம் கடைக்கு வந்தால் ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கண்ணோரத்திலும் கோடு இருந்தது. வைத்தியம் தெரிந்தவரே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதிலேயே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அறிவு போனை எடுத்து நான் செய்த போட்டோவைக் காட்டினான்.

"இந்த மாதிரி ஆவணும் டாக்டர்."

"யாரு இது, உங்க தம்பியா?"

"நான்தாங்க."

"எந்த வருஷம் எடுத்தது?"

"போன மாசம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் குனிந்து அந்தப் போட்டோவைப் பார்த்தாள். தேவைக்கு மேலேயே பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் டாக்டர். சிரி என்றால் சிரிப்பு வருமா? அறிவு பல்லைக் காட்டினான், அவ்வளவுதான். "இதுக்கு முன்னாடி ஏதாவது போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்க, வெங்காயச் சாறு கதையைச் சொன்னான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் மூடிக்கொண்டது, பத்துக் கோடும் காதுவரை ஓடியது.

"இப்ப சும்மா இருங்க" என்றார் டாக்டர். சும்மா இருந்தான். கோடு போகவில்லை.

"பாத்தீங்களா? சிரிக்கறப்ப மட்டும் வர்ற கோடு ஊசிக்குக் கேக்கும். போட்டு ஒரு வாரம், ரெண்டு வாரத்துல அடங்கும். மூணு நாலு மாசத்துல மறுபடியும் வந்துடும், மறுபடியும் போடணும். சும்மா இருக்கறப்பவே பதிஞ்சிருக்கற கோடு இருக்கு பாருங்க, அது கொஞ்சம் மங்கும், மொத்தமா போவாது. கிரீம்னா இன்னும் பொறுமை வேணும். மூணு மாசம் ஆவும், ஆறு மாசம்கூட ஆவும். விடாம போட்டா கால்வாசி கொறையலாம். வெயில்ல கண்ண இடுக்கறத நிறுத்தலைன்னா அதுவும் இல்ல."

"இந்தப் போட்டோ மாதிரி?"

"அதுக்கு மருந்து இல்லைங்க."

முந்நூறடிப் பள்ளத்தில் லாரியைப் பின்னால் எடுக்கிறவன், ஊசி என்றதும் வெளிறிப்போய்விட்டான். கிரீமே போதும் என்றான். டாக்டர் எழுதிக்கொண்டே, "ஆமா, இதுக்கு ஏன் இவ்ளோ அவசரப்படுறீங்க?" என்று கேட்டார்.

அறிவு கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "ஆவணியில பொண்ணு பாக்கப் போறோம் டாக்டர். அந்தப் புள்ளைக்கு இந்தப் போட்டோவத்தான் அனுப்பியிருக்கு. அழகா ஆவணும்னுல்லாம் எனக்கு இல்லைங்க. அது இத நம்பி ஒக்காந்திருக்கும். நான் வேற மூஞ்சியோட போயி நின்னா ஏமாத்துன மாதிரி ஆவாதா? அதான், இதுமாரி ஆயிட்டா பொய்யா இருக்காதேன்னு..."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பொய் நான் செய்தது, அதைச் சுமந்துகொண்டு திரிகிறவன் அவன்.

வெளியே வந்ததும் நர்ஸ்தான் கிரீமைக் கொடுத்து விளக்கினாள். "ராத்திரி மட்டும். மொத்த மூஞ்சிக்கும் ஒரு பட்டாணி அளவு. இமைய ஒட்டிப் போடாதீங்க. பகல்ல சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ். சீக்கிரம் போவணும்னு அதிகமா போட்டுடாதீங்க சார், தோலு உரிஞ்சிடும்." அறிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

தலையாட்டியதோடு சரி. லாரி டிரைவருக்குத் தெரிந்த வைத்தியம் கிரீஸ் அடிப்பதுதான். எங்கே கிரீச்சென்று சத்தம் வருகிறதோ அங்கே ஒரு கை சேர்த்து அப்ப வேண்டும். ராத்திரி ஒரு பட்டாணி என்றால் மூன்று வேளையும் மூன்று உருண்டை போட்டால் மூன்று மாசம் ஒரு மாசமாகிவிடும் என்று கணக்குப் போட்டான். இரண்டு வாரத்தில் கண்ணைச் சுற்றித் தக்காளி மாதிரி சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. சுருக்கம் அதே இடத்தில் பத்திரமாக இருந்தது. ஆவணி பிறந்துவிட்டது.

சனிக்கிழமை போன் பண்ணினேன். "அறிவு, ஒன் உண்மையான போட்டோவ அவங்களுக்கு அனுப்பிடட்டுமாடா?"

"அனுப்புனா வரவேணாம்னுடுவாங்கக்கா. பன்னெண்டாவதும் போச்சுன்னா அம்மா தாங்காது." பிறகு, "நானும்தான்" என்றான்.

நான் அனுப்பவில்லை. அதைத் தைரியமில்லாத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துச் செட்டிகுளத்தில் போய் இறங்கினோம். சித்தி, தரகர் செல்லமுத்து, நான், அறிவு. மலைமேல் இருக்கிற முருகனை ரோட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டுத்தான் சித்தி அடுத்த அடி வைத்தாள். அய்யம்பெருமாள் வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க" என்று எல்லோரையும் கும்பிட்டார். அறிவையும் கும்பிட்டார். அப்புறம் எங்களைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள பின்னால வர்றாருங்களா?"

சித்தி பூப்பழத் தட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். செல்லமுத்துதான் சமாளிக்க வந்தார். "அது வந்துங்க, நல்ல வெயிலு... மாப்ளைக்கு ரெண்டு நாளா காச்ச வேற... அதான் மூஞ்சி கொஞ்சம்..."

"இல்லைங்க" என்றான் அறிவு. "நான்தாங்க மாப்ள. காச்சல்லாம் ஒன்னும் இல்லைங்க. என் மூஞ்சியே இதுதான். போட்டோவுல இருக்கறது கம்ப்யூட்டர்ல பண்ணுனது. அதுமாரி ஆயிடலாம்னு ஒரு மாசமா வைத்தியமும் பண்ணிப் பாத்தேன், ஆவலைங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதாங்க."

"பண்ணுனது நான்தாங்க" என்றேன் நான். கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் சொன்னேன்.

அய்யம்பெருமாளின் முகம் இறுகிவிட்டது. கூடத்தில் உட்கார வைத்தார், உபசாரம் மட்டும் நின்றுவிட்டது. "மூஞ்சியிலயே இவ்ளோ பொய்யின்னா, மத்ததுல எவ்ளோ இருக்குமோ?" என்றார். நியாயமான கேள்விதான். சித்தி தட்டை மடியிலேயே வைத்திருந்தாள். அதைக் கீழே வைப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு பானுப்ரியா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். நேராக அறிவின் முன்னால் நின்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தோலெல்லாம் உரிஞ்சிருக்கு. ராத்திரி மட்டும்னு சொன்னேன்ல? எத்தன வேள போட்டீங்க?"

"மூணு வேளைங்க" என்றான் அறிவு, பயந்துபோய். அதற்கப்புறம்தான் நிமிர்ந்தான்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். மாஸ்க் இல்லாத முகம் எனக்குப் புதிது. கண்ணும் அந்த மூன்று கோடும் புதிதில்லை.

"ஏம்மா, ஒனக்கு இவர முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் அய்யம்பெருமாள்.

"ஒரு மாசமா தெரியும்ப்பா. எங்க கிளினிக்குக்குத்தான் வந்தாரு. எம் போன்ல இருந்த அதே போட்டோவ டாக்டர்ட்ட காட்டி, இதுமாரி ஆக்குங்கன்னு கேட்டாரு."

"அப்பறம் ஏன் எங்கிட்ட சொல்லாம வரவிட்ட?"

பானுப்ரியா காப்பியை அறிவின் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அங்க டாக்டர்ட்ட ஒன்னு சொன்னாரு, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. இங்க வந்து என்னா சொல்றாருன்னு பாக்கலாம்னு இருந்தேன். தரகர் சொன்ன அந்தக் காச்ச கதையவே இவரும் சொல்லியிருந்தா காப்பி வந்திருக்காது."

செல்லமுத்து தன் டம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்.

அவள் அன்றைக்கே சரி என்று சொல்லிவிடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கிரீமை ஒரு வாரம் நிறுத்த வேண்டும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டும் என்பதை மட்டும் அங்கேயே உறுதியாகச் சொல்லிவிட்டாள். பத்தாவது நாள் அய்யம்பெருமாளிடமிருந்து போன் வந்தது. கோபம் முழுதாக ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் தையில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னார். சித்தி போனை வைத்துவிட்டு அழுதாள். நானும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

அறிவு இப்போது கூலிங் கிளாஸ் போட்டுத்தான் லாரி ஓட்டுகிறான். சுரங்கத்தில் ஒரு வாரம் ஓட்டித் தள்ளினார்கள், அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கிரீம் ராத்திரி மட்டும், பட்டாணி அளவு. கார்த்திகையில் டாக்டர் பார்த்துவிட்டு, கால்வாசி குறைந்திருக்கிறது என்றாராம். சித்திக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிகிறதாம்.

கல்யாண பிளெக்ஸ் என் கடையில்தான். பானுப்ரியா பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இருவர் படத்தையும் திரையில் வைத்தேன். கை தன்பாட்டுக்கு அறிவின் கண்ணோரத்துக்குப் போனது.

"கைய வைக்காதீங்க அண்ணி."

"ஒன்னே ஒன்னும்மா, இந்தக் கீழ்க்கோடு மட்டும்..."

"வேணாம் அண்ணி. எனக்கும் வேணாம்."

பதினேழு வருஷத்தில் முதல்முறையாக ஒரு முகத்தை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டப வாசலில் பத்துக்கு எட்டு அடியில் அதைக் கட்டினார்கள். அவ்வளவு பெரிதில் ஒவ்வொரு கோடும் கயிறு கயிறாகத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் நின்று பார்த்தார்கள். "என்னா வேணி, கம்ப்யூட்டரு ரிப்பேரா?" என்று ஒருத்தர் விசாரித்தார். என் தொழிலுக்கு இன்றோடு முழுக்கு என்று நினைத்தபடி வாசலில் நின்றிருந்தேன்.

அப்போது மாப்பிள்ளை அழைப்பு வந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக அறிவு காரிலிருந்து இறங்கினான். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி பேனரை அண்ணாந்து பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் பேனரைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்றவளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"போட்டோவுலதான்டி வயசா தெரியறாரு. நேர்ல பாத்தா வயசே தெரியல!"

அது அறிவின் காதில் விழுந்துவிட்டது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். கண் மூடிக்கொண்டது, பத்துக் கோடும் காதுவரை ஓடியது. கால்வாசி குறைந்ததாக எனக்கு அப்போதும் தெரியவில்லை.